பதினாறாம் நாள் வரை

லோகேஸ்வரியின் கட்டைவிரல் திரையில் பாதி வழியில் நின்றுவிட்டதை உஷாராணி பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தது அந்தக் காப்புறுதி முகவர் அலுவலகம். சாப்பாட்டு அறை என்பது பெயருக்குத்தான். பழைய கோப்புப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மடக்கு மேசை. இருவரும் கீழ்க்கடையில் கட்டிக்கொண்டு வந்த சைவச் சாப்பாட்டைப் பிரித்து வைத்திருந்தார்கள். லோகேஸ்வரி வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தை மாதம் கல்யாணம். இருபத்தொரு சீர்த்தட்டு வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லவென்றே வருகிறவர்கள் என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணி செய்வாங்க, கிள்ளான்ல. வெப்சைட்டப் பாரு" என்று உஷாராணிதான் சொன்னாள். சொன்ன குரலில் இருந்த அவசரம் அவளுக்கே கேட்டது. நாளை மூன்று மணிக்கு லோரி வந்து அண்ணியின் தட்டுகளையும் ஸ்டாண்டுகளையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். காப்பாரில் அலங்காரத் தொழில் செய்யும் சிவநேசன் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். திங்கட்கிழமை முதல் அண்ணிக்கு ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை. அதற்குள் ஓர் ஆர்டர் வந்தால், ஒரே ஒரு கல்யாண வீடு கூப்பிட்டால், அண்ணி மனம் மாறலாம் என்று உஷாராணி நினைத்திருந்தாள்.

"அழகா இருக்குக்கா," என்றாள் லோகேஸ்வரி. கைப்பேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். "அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். இது உஷாராணிக்குத் தெரியாததில்லை.

"என்னா ஆச்சு? புடிக்கலையா?"

"ஐயோ, அப்படி இல்லைக்கா." லோகேஸ்வரி பருப்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுல துக்கமாக்கா? சொல்லவே இல்ல. லீவுகூட எடுக்காம வந்திருக்கீங்க," என்றாள்.

"எந்தத் துக்கம்?"

லோகேஸ்வரி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள்.

அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். சுகுமாறன். திரை முழுக்க அவன்தான். படத்தைச் சுற்றிப் பூமாலைச் சட்டம், ஓரத்தில் எரியும் விளக்கு. கீழே எழுத்துகள்: 'எங்கள் குடும்பத் தலைவரின் மறைவை முன்னிட்டு, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஆர்டர்கள் எடுத்துக்கொள்ள இயலாது. பொறுத்தருளவும்.' ஒவ்வொரு சொல்லும் உஷாராணி எழுதியது. அண்ணன் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

"இது பழசு," என்றாள். "எடுக்காம விட்டுட்டேன்."

"ஓ," என்று லோகேஸ்வரி மூச்சு விட்டாள். "நான் இப்பதான்னு நெனச்சுட்டேன்க்கா. தேதி ஒன்னும் போடல பாருங்க." பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல, "நமக்குப் பரவால்லக்கா. அம்மா பாத்தாங்கன்னாதான் கத்துவாங்க. கல்யாணக் காரியத்துக்குத் தேடறப்ப மொதல்ல இதுதானா கண்ணுல படணும்னு," என்றாள்.

உஷாராணி கையைக் கழுவிவிட்டு மாடிப்படிக்குப் போனாள். தன் கைப்பேசியில் அந்தத் தளத்தைத் திறந்தாள். அண்ணன் வரவில்லை. வாழைப்பூ நிறப் பட்டுத்துணி விரித்த தட்டில் கொட்டைப்பாக்கால் கட்டிய கோபுரம் வந்தது, அதன் கீழே தனலெட்சுமி சீர்த்தட்டு அலங்காரம் என்ற பெயர், அதற்கும் கீழே வாட்ஸ்அப் எண். எல்லாம் ஒழுங்காக இருந்தது. யாரென்று காட்டிக்கொள்ளாமல் திறக்கிற அந்தக் கறுப்புச் சன்னலில், முன்பின் தெரியாத ஒருத்தியாக மறுபடி திறந்தாள். அண்ணன் வந்தான்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிய நேரமெடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அந்த அறிவிப்புப் பெட்டியை ஒருமுறை மூடிய கைப்பேசியில் அது திரும்ப வராது. அப்படித்தான் அவள் அமைத்திருந்தாள். பார்த்தவர்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டித் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று. குடும்பத்தில் எல்லோரும் முதல் இரண்டு நாளிலேயே பார்த்து அழுது மூடிவிட்டார்கள். அண்ணியும் மூடிவிட்டாள். பதினேழாம் நாள் காலையில் உஷாராணி கணினியில் உட்கார்ந்து பெட்டியை நீக்கினாள். கணினிக்குத் தனி அமைப்பு, கைப்பேசிக்குத் தனி அமைப்பு என்பது அவளுக்குத் தெரியும். பட்டன்களின் அளவை மாற்றும்போதெல்லாம் இரண்டு இடத்திலும் மாற்றுகிறவள்தான். அன்றைக்கு ஒன்றை மட்டும் நீக்கிவிட்டுத் தன் கைப்பேசியில் திறந்து பார்த்தாள். அண்ணன் இல்லை. சரி, போய்விட்டான் என்று மடிக்கணினியை மூடினாள். அந்தப் படத்தை அழிக்கிற வேலையில் ஒரு நிமிடம்கூட அதிகமாக உட்கார அவளால் முடியவில்லை. அது உண்மை. ஆனால் உண்மையான காரணம் இருப்பதால் செய்த தவறு சிறியதாகிவிடுமா என்று மாடிப்படியில் நின்றபடி தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அவள் இதையெல்லாம் படித்துக் கற்றவள் இல்லை. முதலாளி அலுவலகத் தளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கொவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கல்யாணங்கள் நின்று, பிறகு மெல்லத் திரும்பியபோது, "அண்ணி, இப்பலாம் ஜனங்க போன்லதான் தேடறாங்க" என்று சொல்லி அவளே ஒரு தளத்தைச் செய்து கொடுத்தாள். அண்ணன் கிள்ளான் கடைக்கு வருகிற எல்லோரிடமும் பெருமையடித்தான். "என் தங்கச்சி செஞ்சது. ஒலகம் பூரா தெரியும், லண்டன்ல ஒக்காந்தும் பாக்கலாம்." லண்டனிலிருந்து யாரும் வரவில்லை. ஷா ஆலம், செலாயாங், பூச்சோங் என்று வந்தார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று வீடுகள். அண்ணன் இறந்து மறுநாள், சவப்பெட்டி வீட்டுக்குள் இருக்கும்போதே அண்ணியின் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண்ணின் அம்மா, மஞ்சள் பட்டா சிவப்புப் பட்டா என்று கேட்பதற்காக. அந்தத் தொல்லையிலிருந்து அண்ணியைக் காப்பாற்றத்தான் உஷாராணி அந்த அறிவிப்பை எழுதினாள். அன்பால் செய்தது. கறுப்புச் சன்னலில் அண்ணன் சிரித்துக்கொண்டேயிருந்தான்.

மேசைக்குத் திரும்பி, கைப்பேசி அமைப்பிலிருந்தும் பெட்டியை நீக்கினாள். அதற்கு மொத்தம் மூன்று சொடுக்குகள் தேவைப்பட்டன. நீக்குவதற்கு முன் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டாள், ஏனென்று தெரியாமலே. பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, தளத்துக்கு வந்தவர்களின் கணக்கைத் திறந்தாள். இந்தப் பதினான்கு மாதத்தில் ஒருமுறைகூட அவள் அதைத் திறந்ததில்லை. திறந்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். யாரும் வருவதில்லை என்று அண்ணி சொன்னபோதெல்லாம், சரி, யாரும் வருவதில்லை என்றே அவளும் நம்பியிருந்தாள். வந்திருக்கிறார்கள். மாதம் முந்நூறு பேர்வரை வந்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் கைப்பேசியில். சராசரியாக நான்கு விநாடி இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான்கு விநாடி. கடிகாரத்தைப் பார்த்து எண்ணிப் பார்த்தாள். அது நீண்ட நேரமாக இருந்தது. அவள் கற்பனையில், சாலாக் செலாத்தானில் ஒரு சோபாவில் அம்மாவும் மகளும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து தட்டுப் படம் தேடுகிறார்கள். மகள் தொடுகிறாள். மாலை போட்ட ஓர் ஆண். "சிவ சிவா, மூடுடி மொதல்ல." மகள் மூடுகிறாள். அம்மா எழுந்து சாமி அறைக்குப் போய்த் திருநீறு எடுத்து வந்து மகள் நெற்றியில் பூசுகிறாள். யாராவது ஒருத்தர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வார்கள்? துக்க வீடு என்று நினைத்தவர்கள் அந்த எண்ணுக்கு அழைத்துக் கல்யாணத் தட்டைப் பற்றியா பேசுவார்கள்? எவ்வளவு மரியாதையான மனிதர்கள். முந்நூறு முந்நூறாக, மரியாதையோடு விலகிப் போயிருக்கிறார்கள்.

கிள்ளானில் அண்ணி அதற்கு வேறொரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். முதல் மூன்று மாதம் அவள் எதுவும் சொல்லவில்லை. நான்காம் மாதம் ஒருநாள், பட்டுத்துணியை மடித்துக்கொண்டே, "கல்யாண வீட்டுக்காரங்க யாரு உஷா என் கையால வாங்குவா? நான் அவங்க எடத்துல இருந்தாலும் யோசிப்பேன்," என்றாள். அழவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். உஷாராணி, "அப்படிலாம் பேசாதீங்க அண்ணி. இந்தக் காலத்துல யாரு பாக்கறா," என்றாள். சொன்ன வாய் அவளுடையது. அடுத்த மாதம் அம்பாங்கில் நடந்தது வேறு.

உஷாராணியின் கணவன் முகுந்தனின் அக்கா மகளுக்கு வளைகாப்பு. தட்டெல்லாம் அண்ணி தனலெட்சுமியிடம்தான் சொல்லியிருந்தார்கள். சொந்தத்துக்குள் ஆள் இருக்கும்போது வெளியே போவார்களா? மாமியார் நல்லம்மாள் எதையும் நேராகச் சொல்கிறவர் இல்லை. "பாவம் தனம், அவ்வளவு தூரம் தட்டெல்லாம் தூக்கிட்டு வரணும். வேற யாராச்சும் கொண்டாந்தா அவளுக்கும் சிரமம் இல்ல" என்று காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். உஷாராணிக்குப் புரிந்தது. புரியாததுபோல இருந்திருக்கலாம். அவள் கைப்பேசியை எடுத்தாள். "அண்ணி, தட்டையெல்லாம் இராஜம்மா அக்காகிட்டக் குடுத்து வுட்டுடுங்களேன். நீங்க எதுக்கு அலையறீங்க." மறுமுனையில் காற்றாடி சுழலும் சத்தம் மட்டும். பிறகு, "சரிம்மா. அதுவும் நல்லதுதான்" என்றாள் அண்ணி. அதன்பின், கேட்காமலே, எல்லாத் தட்டிலும் முதல் மஞ்சளை இராஜம்மா வைக்க ஆரம்பித்தாள். பக்கத்துக் கடை தையற்காரி. அறுபது வயது, கணவர் உயிரோடு இருக்கிறார் என்பதைத் தவிர இந்தத் தொழிலோடு அவளுக்கு ஒரு தொடர்பும் கிடையாது.

அன்று மாலை வீட்டில் முகுந்தனிடம் சொன்னாள். அவன் சாதத்தைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"இப்ப எடுத்துட்டல்ல?"

"எடுத்துட்டேன்."

"அப்பறம் என்னா? வுடு. இனிமே ஆர்டர் வரும். வந்தா சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு நெனச்சுக்குவாங்க. நல்லதுதான லா."

"நாளைக்கு லோரி வருது, முகுந்தன்."

"ரெண்டு வாரம் பொறுங்க அண்ணின்னு சொல்லு. காரணம் எதுக்கு? நீ போயி, நாந்தான் பண்ணேன் நாந்தான் பண்ணேன்னு நின்னா, செத்தவன் திரும்பி வந்துருவானா? இருக்கற ஒறவும் போயிரும்."

அவன் சொன்னது தப்பில்லை. அவன் சொல்வதற்கு முன்பே, மாடிப்படியில் நின்றபோதே, அவள் அதை நினைத்துப் பார்த்தாயிற்று. நான் செய்தேன் என்று சொல்லாமல் ஒருத்திக்கு நல்லது செய்ய முடியும். ஆனால் தனலெட்சுமி மறுபடி தொழில் செய்து, ஆர்டர்கள் வந்து, எல்லாம் நன்றாகப் போனாலும், அந்தப் பதினான்கு மாதமும் தன் கையில்தான் ஏதோ இருந்தது, இப்போது அது தீர்ந்துவிட்டது என்றுதானே நம்புவாள்? தீட்டு கழிந்தது என்று நினைப்பாள். அவள்மேல் இல்லாத ஒன்றைக் கழித்துக் கொடுத்துவிட்டு, பெருமையை யாருக்குக் கொடுப்பது? உஷாராணி தன் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

சனிக்கிழமை கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் பிடித்தாள். கிள்ளான் போக ஒருமணி நேரத்துக்கு மேலாகும். வண்டியில் அவள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றில் கணினியின் மேல் பழி இருந்தது. ஒன்றில் அழுகை இருந்தது. மூன்றாவது நேராக இருந்தது, ஆனால் மிகச் சின்னதாக இருந்தது. அவ்வளவு சின்னதாகச் சொன்னால் அண்ணி சிரித்துவிட்டு விட்டுவிடுவாள் என்கிற நப்பாசை அதற்குள் ஒளிந்திருந்ததைச் சுபாங் தாண்டும்போது கண்டுபிடித்தாள்.

கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. பாதித் தட்டுகள் செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்தன. இராஜம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா கேஎல்காரி. வேலை முடியற நேரமாப் பாத்து வந்திருக்க."

"அவ எப்பவும் அப்படித்தான். என் கல்யாணத்துக்கே தாலி கட்டுனப்பறம் வந்தவ," என்றாள் தனலெட்சுமி உள்ளேயிருந்து. கைகளில் மெல்லிய ரப்பர் கையுறை போட்டிருந்தாள். குங்குமச் சிமிழ்களைத் தொடும்போது போட்டுக்கொள்வது. கை சாயமாகிறது என்று காரணம் சொல்வாள். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் சாயமாகாத கை.

"இராஜம்மாக்கா, நான் அண்ணிகிட்ட கொஞ்சம் பேசணும்."

இராஜம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானும் பொழப்பப் பாக்கணும். ரவுக்கை தைக்கக் குடுத்தவ நாலு தடவ வந்துட்டுப் போயிட்டா," என்று முட்டியைப் பிடித்தபடி எழுந்து போனாள்.

"அண்ணி, லோரிய வர வேணாம்னு சொல்லுங்க."

"ஏன், நீ வாங்கிக்கப் போறியா?" தனலெட்சுமி சிரித்தாள். "வாக்குக் குடுத்தாச்சு உஷா. சிவநேசன் நல்ல மனுசன். இன்னிக்குச் சனிக்கெழமையா இருக்கேன்னு யோசிச்சாரு, நான்தான் பரவால்ல வாங்கன்னேன். எனக்கு இனிமே என்னா நல்ல நாளு கெட்ட நாளு."

அந்த வார்த்தைக்குப் பிறகு உஷாராணியால் மூன்று விதங்களில் எதையும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கைப்பேசியை எடுத்து, சேமித்து வைத்திருந்த அந்தப் படத்தைக் காட்டினாள்.

தனலெட்சுமி குனிந்து பார்த்தாள். "இது அப்பப் போட்டதுதான?"

"அப்பப் போட்டது. எடுத்துட்டேன்னு நெனச்சேன். கம்பியூட்டர்ல மட்டுந்தான் எடுத்திருக்கேன். போன்ல இருந்துக்கிட்டே இருந்திருக்கு அண்ணி. நேத்துவரைக்கும்."

"என் போன்ல வரலியே."

"ஒருவாட்டி மூடுனா நமக்கு வராது. புதுசா வர்றவங்களுக்குத்தான் வரும். தட்டு வேணும்னு தேடி வர்றவங்க எல்லாரும் மொதல்ல அண்ணனத்தான் பாத்திருக்காங்க. இப்பதான் சாவு விழுந்த வீடுன்னு நெனச்சுட்டுப் போயிட்டாங்க. நான் தேதிகூடப் போடல."

வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் போனது. எதிர்க் கடையில் யாரோ விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப ஆளுங்க வந்தாங்களா?" என்றாள் தனலெட்சுமி.

"வந்தாங்க. மாசம் முந்நூறு பேரு."

"முந்நூறு பேரு." அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "முந்நூறு பேரு அவர வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. சாவுக்குக்கூட அவ்வளவு பேரு வரல."

அது வேடிக்கைக்குச் சொன்னதா என்று உஷாராணிக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். பார்க்க முடியவில்லை.

"ஈப்போல என் தங்கச்சி மவ கல்யாணம், சித்திரையில," என்று தனலெட்சுமி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "காய்ச்சல்னு சொன்னேன் ஒங்ககிட்டல்லாம். காய்ச்சல் இல்ல. நான் தூக்கி வளத்த புள்ள அது. ரெண்டு நாளு இந்தக் கடை மேல ரூம்ல படுத்துக் கெடந்தேன், ஃபேனப் பாத்துக்கிட்டு. அவ போன் பண்ணிப் பெரிம்மா பெரிம்மான்னு அழுதா. எடுக்கல. நாம போயி அவ வாழ்க்கைக்கு ஏதாச்சும் ஆயிட்டா? இங்க ஒரு ஆர்டரும் வரலியே, ஜனங்களுக்கே தெரியுது, எனக்குத் தெரிய வேணாமான்னு நெனச்சேன்." ஒரு கையுறையின் விரல் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது நீண்டு திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. "கடைக்கு யாராச்சும் வந்தாக்கூட அந்தத் தட்டு அடுக்குற ராக்குக்குப் பின்னாலேந்துதான் பேசுவேன். நீ பாத்திருப்ப."

"பாத்திருக்கேன்."

"பாத்திருக்க."

மன்னிச்சிடுங்க அண்ணி என்ற சொல் உஷாராணியின் வாய்வரை வந்தது. சொன்னால் அண்ணி ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். பரவால்ல என்றோ, இல்லை என்றோ. அந்த வேலையையும் அவள் தலையிலேயே வைப்பதா என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். அல்லது, சொன்னால் கிடைக்கப்போகும் பதிலுக்குப் பயந்தாளா? இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைதான் இருந்தது.

"அப்ப எல்லாம் அந்த வெப்சைட்டுதான்," என்றாள் தனலெட்சுமி.

"ஆமா அண்ணி. வேற ஒன்னும் இல்ல. ஒங்க கையில ஒன்னும் இல்ல. நான் பண்ணுன தப்புதான்." சொல்லச் சொல்ல அவளுக்குள் ஏதோ லேசாகியது. கடைசியில் இவ்வளவுதானா, சொல்லிவிட்டேனே என்று ஒரு காற்று நெஞ்சுக்குள் புகுந்தது.

தனலெட்சுமி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபம் தெரியவில்லை. கடையில் ஒரு துணியின் நிறம் வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று பார்ப்பதுபோல, கொஞ்சம் கண்ணைச் சுருக்கி.

"அம்பாங் வளைகாப்பு?" என்று கேட்டாள். "அதுவும் வெப்சைட்டா?"

எதிர்க் கடையில் விளக்குமாறு நின்றுவிட்டது. பதில் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. மாமியார் இருந்தார், முகுந்தனின் அக்கா இருந்தாள், நாலு பேர் பேச்சு இருந்தது, அந்தப் பெண்ணின் வயிற்றில் பிள்ளை இருந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். எதுவும் கைக்குள் நிற்கவில்லை.

"இல்ல அண்ணி," என்றாள். "அது நான்."

"ம்," என்றாள் தனலெட்சுமி. "தெரியும். நீ சொல்றியான்னு பாத்தேன்."

அவள் எழுந்து, சுற்றிய தட்டு ஒன்றை மேசைமேல் வைத்தாள். பிரிக்கவும் இல்லை, பெட்டியில் போடவும் இல்லை. செய்தித்தாளின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே நின்றாள்.

லோரி அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. வானம் கறுத்திருந்தது, மழைக்கு முன்னால் ஏற்றிவிடலாம் என்று ஓட்டுநர் அவசரப்பட்டிருக்க வேண்டும். அவர் யாரையும் கேட்கவில்லை. வாசலை ஒட்டி நின்றிருந்த பெரிய மயில் ஸ்டாண்டைத் தனியாகவே தூக்கி வெளியே இழுத்தார். பாதி போனதும் அதன் தோகை நிலைவாசலில் சிக்கிக்கொண்டது. அதே நேரத்தில் மழையும் கொட்ட ஆரம்பித்தது, கிள்ளான் மழை, தூறல்கூட இல்லாமல் ஒரேயடியாக.

"ஐயோ அண்ணே, இருங்க! நனையுது!" தனலெட்சுமி ஓடிப்போய்த் தோகையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "உஷா, என்னா பாத்துக்கிட்டு நிக்கற? அந்தப் பக்கம் புடி!"

உஷாராணி பிடித்தாள். பாரம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. ஓட்டுநர் மயிலை அவர்கள் இருவர் கையிலும் விட்டுவிட்டு, மூடுவதற்குக் கென்வாஸ் துணி எடுக்க லோரிக்கு ஓடினார். அங்கிருந்தே, தலைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்.

"அக்கா, வெளிய கொண்டாரவா, உள்ள தள்ளவா? சீக்கிரம் சொல்லுங்க!"

தனலெட்சுமி பதில் சொல்லவில்லை. அவள் உஷாராணியைப் பார்க்கவும் இல்லை. மயிலின் தலையும் கழுத்தும் வெளியே நனைந்துகொண்டிருந்தன. நீலச் சாயம் கரைந்து கோடு கோடாக இறங்கி கடை முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையின் தரையில் சொட்டியது. தோகை கடைக்குள் காய்ந்து கிடந்தது. அண்ணியின் பிடி எந்தப் பக்கம் இழுக்கப்போகிறது என்று தெரியாமல், தானாக எந்தப் பக்கமும் இழுத்துவிடாமல், உஷாராணி தன் பங்குப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.